துப்பாக்கி மரியாதை வேண்டாம் என்றவர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே உடம்பைக் கேட்டால் எல்லோரும் நலம், மனசை மட்டும் கேட்காதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பால் ஏறியதா இது, உன் சித்தப்பாவால் ஏறியது.

பெரியப்பா அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று போனில் அழுதாய். வராததே நல்லது என்று அன்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நினைவு தெளிவாக இருந்தபோதே என்னையும் உன் சித்தப்பாவையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்க வைத்து, நான் போனால் துப்பாக்கி மரியாதை எதுவும் வேண்டாம்டா, மாதா கோவில் மணி அடித்தால் போதும் என்று அண்ணன் சொன்னார். அவருக்காக இல்லை, பெரியம்மாவுக்காக. கல்யாணமான புதிதில் எல்லைப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது சண்டை மூண்டு, சமையலறை மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வெடிக்கும் இது அவரா இது அவரா என்று நடுங்கியவள் அவள். இன்றைக்கும் தெருவில் டயர் வெடித்தால் நிலைக்கதவைப் பிடித்துக்கொள்வாள். ஓய்வு பெற்றதும் அண்ணன் அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று, இனி உன் காதில் வெடிச்சத்தம் விழாது என்று. கல்குவாரி பக்கத்தில் மலிவாக வந்த நல்ல வீட்டை அதற்காகவே விட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்தெருவில் அந்தப் பொந்து வீட்டை வாங்கினார். செத்தவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

அவர் எப்படிப்பட்ட மனுஷர் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. லீவில் வந்தால் உன் ஸ்கூல் பையை பூட்ஸ் தைக்கிற நூலால் தைத்துக் கொடுப்பார், பை கிழிந்துபோகும், தையல் பிரியாது. படுக்கையில் கிடந்த எங்கள் அம்மாவுக்கு நகம் வெட்டி, தலை சீவி, துணி அலசியது அவர்தான், பக்கத்துத் தெருவிலேயே இருந்த உன் சித்தப்பா இல்லை. காலையில் ஜெபம் பண்ணும்போதுகூட விறைப்பாக அட்டென்ஷனில்தான் நிற்பார். சாமியே ஸ்டாண்ட் அட் ஈஸ் சொன்னால்தான் இந்த மனுஷன் காலை அகட்டுவார் என்று பெரியம்மா கிண்டல் பண்ணுவாள். எதிர்ப்பக்கம் செத்தவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வார், அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவர் கேட்டதை என்ன செய்தார்கள் தெரியுமா. அண்ணன் தன்னடக்கத்தில் அப்படிச் சொல்லியிருப்பார், நாம்தான் பெருமையாகச் செய்யவேண்டும் என்று உன் சித்தப்பா முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவரிடம் பேசி, எனக்குத் தெரியாமலே ஏற்பாடு பண்ணிவிட்டான். முப்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாதாம், வட்டிக்கடை நடத்துகிறவனுக்குத் தெரியுமாம். முதல் வெடி வெடித்ததும் பெரியம்மா ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள், அழவில்லை குட்டிம்மா, அவர்மேல் குண்டு படாமல் மறைத்தாள். என்ன பாசம் பாருங்கள் என்று தலைவர் மைக்கில் சொல்கிறார், உன் சித்தப்பா போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான். அன்றிலிருந்து அவள் கோவிலுக்கும் வருவதில்லை.

இத்தோடு விட்டார்களா. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கல் திறப்பாம், மறுபடியும் துப்பாக்கியாம். நேராக உன் சித்தப்பா வீட்டுக்கே போனேன். அண்ணனுக்குக் கிடைக்கிற மரியாதையில உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல், நீங்க போய்ச் சேர்ந்தா எவனாவது இந்த மாதிரி வந்து நிப்பானா என்கிறான். கோவில் கமிட்டிச் செயலாளரைப் பார்த்தால், கார்டு அடிச்சாச்சே சார் என்று தலையைச் சொறிகிறார். கார்டு அடித்துவிட்டால் ஒரு பொம்பளை நடுங்கலாம் போலிருக்கிறது. சங்கத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கிளம்பினேன், பெரியம்மாதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். செத்தவரை நடுவுல போட்டு அண்ணன் தம்பி அடிச்சுக்காதீங்க தம்பி, அந்த நேரத்துக்குக் குட்டிம்மாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க, அவ வாயத் திறந்தா இடி விழுந்தாலும் கேக்காது என்றாள்.

நான் கல் திறப்புக்குப் போகப்போவதில்லை. சொந்த அண்ணன் கல்லுக்குக்கூட வராத பொறாமைக்காரன் என்று ஊர் பேசும், பேசட்டும். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் கொடுத்த வாக்கை இனி நாம்தான் காப்பாற்றவேண்டும்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும், பெரியப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணிக்குத் திறப்பு, உனக்கு அது தூங்குகிற நேரம், அலாரம் வைத்துக்கொள். மறந்துவிடாதே. எதையாவது பேசு, உன் ஆபீஸ் கதை, மாப்பிள்ளை மேல் புகார், என்னைப் பற்றிக்கூடத் திட்டு. நடுவில் அவள் பேசாமல் போனாலும் பயந்து நிறுத்திவிடாதே, அப்போதுதான் சத்தமாகப் பேசவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா