வெள்ளிக்கிழமை கொடுப்பதில்லை

1986 ஓகஸ்ட் 19, செவ்வாய்

தம்பி கடாட்சம் இன்றைக்கும் வெயில் ஏறின பிறகுதான் எழும்பினான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலியோரம் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இயக்கத்தில் இருந்தபோது இவனைக் கண்ணால் காணக் கிடைக்காது. எங்கள் ஊர் சண்டிலிப்பாய் முழுக்க அவனுக்குச் சோறு வைத்திருந்தது. பிறகு மற்ற இயக்கம் வந்து இவனுடைய இயக்கத்தைக் கலைத்து, ஆயுதத்தைப் பறித்து, "வீட்டிலை போய் இரு" என்று அனுப்பிவிட்டது. இப்போது அதே சனம் இவனைக் கண்டால் படலையைச் சாத்துகிறது.

தோட்டத்துக்கு வரச்சொல்லி இவர் கூப்பிட்டார்.

"மண்வெட்டி பிடிக்கவே அத்தான் நான் வீட்டை விட்டுப் போனனான்?"

இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் வாய் சும்மா கிடக்கவில்லை. "மண்வெட்டி பிடிச்ச கைதான் உனக்குச் சோறு போடுது" என்றேன். மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. ஏன் சொன்னேன்?

ஓகஸ்ட் 28, வியாழன்

மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து கடாட்சத்தை ஏற்றிக்கொண்டு போனான். அச்சுவேலிப் பக்கத்தவனாம். மழைக்காருக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி! படலையடியில் நின்று ஹோர்ன் அடித்தானே ஒழிய, இறங்கி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பின்னேரம் தம்பி புதுச் சேட்டோடு வந்தான்.

"ஆரடா உவன்?"

"சிநேகிதன்."

"என்ன வேலை செய்யிறான்?"

"எல்லா வேலையும்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்காகவே மேலே கேட்காமல் விட்டேன்.

செப்டெம்பர் 8, திங்கள்

தங்கச்சி ஞானாம்பிகையின் தாலிக்கு இன்று பொன்னுருக்கு. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் தாயாய் நின்று செய்ய வேண்டியவள் நான்தான். முளைப்பாலிகையும் போட்டோம். கடாட்சமே தோட்டத்து மண்ணை அரித்துக் கொண்டுவந்து சட்டிகளை நிரப்பினான். நாங்கள் நவதானியத்தைத் தூவி, பால் தெளித்து, சாமியறையில் வைத்தோம். இனி கலியாணத்துக்கு நாலாம் நாள், நாலாஞ்சடங்கு முடிந்து தண்ணீரில் கரைக்கும் வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்கா தன்னுடைய அட்டியலையும் பதக்கத்தையும் சீலைத்துண்டில் முடிந்து கொண்டுவந்து தந்தா. தைமாதம் அவவின் மகளின் கலியாணத்துக்குப் போட வைத்திருக்கிற நகை.

"ஞானம் எனக்கும் பிள்ளைதானே. போட்டு வடிவு பாத்திட்டுத் தா."

செப்டெம்பர் 11, வியாழன்

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ஆமி ஹெலி ஒரு தரம் மேலே சுற்றியது. ஐயர் மந்திரத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடாட்சம் மாப்பிள்ளைத் தோழனாய் வேட்டி சால்வையோடு நின்றான். என் கண்ணே பட்டிருக்கும். அழுதேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது ஞானம் இரவல் நகையைக் கழற்றித் தந்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளையோடு போன கடாட்சம் இன்று காலையில் உடுப்பு எடுக்க வந்தான். நான் நகையோடு பராசக்தி அக்காவிடம் வெளிக்கிட்டேன். அவன்தான் மறித்தான்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ அக்கா? பொன்னை வீட்டாலை வெளியிலை குடுக்கிறதே? நாளைக்குக் குடுக்கலாம்."

கலியாணக் களைப்பில் எனக்கே மறந்துபோனது. அம்மா சொல்லி வளர்த்ததை இவன் மறக்கவில்லையே என்று மனம் குளிர்ந்தது. அலுமாரியில் வைக்கப் பயம். இந்த நாளில் கள்ளர் முதலில் உடைப்பது அலுமாரியைத்தான். பெரிய பாலிகைச் சட்டியில், முளைக்கு நோகாமல் மண்ணைக் கிளப்பி உள்ளே தாட்டுவிட்டேன். சாமிக் காரியத்தில் யார் கைவைப்பார்கள்? மண் சிந்தாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் கடாட்சம் மட்டும். இவருக்குக்கூடச் சொல்லவில்லை.

அவன் திரும்ப மாப்பிள்ளை வீட்டுக்கென்று போய்விட்டான்.

செப்டெம்பர் 13, சனி

நகை களவு போய்விட்டது. இராத்திரி முகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "இயக்கம், விசாரணை" என்றார்கள். கேள்வி கேட்ட இவருக்குத் துவக்குப் பிடியால் காதடியில் அடி. இரத்தம் நிற்க நேரம் எடுத்தது.

நான் பயத்தில் என் தாலிக்கொடியைக் கழற்றப் போனேன். "உங்கடை கொடி வேண்டாம் அக்கா" என்றான் ஒருவன். அவனுக்காவது ஈரமிருக்கிறதே என்று நினைத்தேன்.

பராசக்தி அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "உயிர் தப்பினீங்கள், அது காணும்." பிறகுதான் அவவுக்கு அழுகை வந்தது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நாலாஞ்சடங்கு. கரைக்கப் பெரிய பாலிகை இல்லை. சாமியறையைக் கூட்டும்போதுதான் கவனித்தேன். அலுமாரியை அவர்கள் தொடவில்லை. அரிசிப்பானையைக் கிளறவில்லை. நேரே சாமியறைக்குப் போய்ப் பெரிய சட்டியை மட்டும் கவிழ்த்திருக்கிறார்கள். முளைத்த பயறு வேரோடு நிலத்தில் கிடந்தது.

சடங்குக்கு வந்த மாப்பிள்ளையிடம் சும்மா கேட்டேன், கடாட்சம் வெள்ளி இரவு அவர்கள் வீட்டில் நன்றாகத் தூங்கினானா என்று.

"மச்சான் வெள்ளி வரவே இல்லையே மச்சாள்? இங்கை நிக்கிறார் எண்டெல்லோ நினைச்சம்."

ஐயோ. வேண்டாம். எழுதமாட்டேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

இயக்கப் பெடியள் வந்தார்கள். இவர்கள் உண்மையானவர்கள்.

"ஆரிலையும் சந்தேகமிருந்தால் சொல்லுங்கோ அக்கா. ஆளை நாங்கள் பாக்கிறம்."

எப்படிப் பார்ப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, கழுத்தில் குற்றத்தை எழுதின மட்டையும் தொங்கவிடுவார்கள்.

"ஒருத்தரிலையும் இல்லை" என்றேன். பராசக்தி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

செப்டெம்பர் 22, திங்கள்

வந்தான். இவர் தோட்டத்தில். கன்னத்தில் அறைந்தேன். வாங்கிக்கொண்டு நின்றான்.

"உன்ரை சாமானிலை கைவைக்கக் கூடாது எண்டு சொல்லித்தான் அனுப்பினனான். உன்ரை கொடியைத் தொட்டவங்களே?"

அதை எனக்குச் செய்த நன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்! அத்தானின் காது? என்னை நம்பித் தந்த மனுசியின் நகை?

"அடிக்கச் சொல்லேல்லை" என்றான். பிறகு அவனும் கத்தினான். "இயக்கத்திலை இருக்கேக்கை என்னை அண்ணை எண்டு கூப்பிட்ட சனம் இப்ப நாயைப் பாக்கிறமாதிரிப் பாக்குது. நீயும் சோத்தைச் சொல்லிக் காட்டினனீ. அவன் ஒருத்தன்தான் வா எண்டு கூப்பிட்டவன்."

"நகையைக் கொண்டு வா."

"உருக்கியாச்சு."

என் கையால் சோறு தீத்தி வளர்த்த பிள்ளை. பசிக்குக் களவெடுத்திருந்தால் என் கொடியையே கழற்றிக் கொடுத்திருப்பேனே. வெள்ளிக்கிழமை என்று சொல்லி மறித்தாயேடா. அம்மாவின்ரை சொல்லை வைச்சே என்னை ஏமாத்தினாயேடா. அதுதான் எனக்கு ஆறேல்லை.

ஒக்டோபர் 3, வெள்ளி

கறுப்புக் கண்ணாடிக்காரன் பிடிபட்டானாம். பிடிபட்டதும் அவன் வாயில் முதலில் வந்த பெயர் கடாட்சம். தலைவனே இவன்தான் என்றானாம்.

மத்தியானம் பின்வேலியால் வந்து குசினிக்குள் நின்றான். சேட்டெல்லாம் முள் கிழித்திருந்தது.

"மாதகலிலை வள்ளம் நிக்குது அக்கா. அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போயிட்டால் தப்பியிடுவன். கொடியைத் தா. இண்டைக்கே வேணும்."

என் கை கழுத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு வா."

அவனுக்கு விளங்கியது. செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒக்டோபர் 4, சனி

விடியவே இவரிடம் சொன்னேன். "குடு" என்றார். அந்தக் காது இன்னும் சரியாய்க் கேட்பதில்லை; அந்த மனுசன்தான் குடு என்கிறார்.

கொடியைக் கழற்றினேன். மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டேன். கொடியைச் சீலைத்துண்டில் முடிந்து குசினிக்குள் வைத்துக்கொண்டு பின்வேலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் நெஞ்சு எரியட்டும் என்றுதானே சொன்னேன். ஒரு நாள்தானே.

வரவில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மாதகல் றோட்டில் நேற்றுக் காலையே பிடித்துவிட்டார்கள். சந்தி மின்கம்பத்தில் என் தம்பி. மட்டையில் பராசக்தி அக்காவின் நகைக் களவும் எழுதியிருந்ததாம். கறுப்புக் கண்ணாடிக்காரனை எச்சரித்து விட்டுவிட்டார்களாம்.

நவம்பர் 10, திங்கள்

தம்பியின் அந்தியேட்டிக் கிரியை முடிந்துவிட்டது. கொடியைப் பராசக்தி அக்காவிடம் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

"உன்ரை கொடியைப் போட்டு என்ரை பிள்ளை வாழுமே? உனக்குத் தெரியும் எண்டு அண்டைக்கு உன்ரை முகத்திலையே கண்டனான். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருந்தால் மூன்று கிழமைக்கு முன்னமே செத்திருப்பான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

மழை. விளக்கு வைக்கிற நேரம் படலை சத்தம் கேட்டது. பராசக்தி அக்கா, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. இயக்கப் பெடியள் வந்துபோன நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் எங்கள் வளவுக்குள் கால் வைக்கிறா.

"உப்பு முடிஞ்சுபோச்சு, கறி அடுப்பிலை..." என்றவ, இடையில் நிறுத்திக்கொண்டா. "அட, வெள்ளிக்கிழமையெல்லே. இரு பிள்ளை, நாளைக்கு வாறன்."

"இல்லையக்கா, இண்டைக்கே கொண்டு போங்கோ."

சிரட்டை நிறைய அள்ளிக் கொடுத்தேன்.