அப்பாவின் விண்ணப்பத்தில் மூன்று பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை இரவு

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னோடு தொலைபேசியில் பேசியிருக்கிறீர்கள். கிராமப்புறப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டத்தின் முதுநிலை மேலாண்மை ஆலோசகர் பணி விஷயமாக அப்பாவைக் கேட்டீர்கள். அப்பா கூரையில் சோலார் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். "உங்க அப்பா ஆலோசனையெல்லாம் கூரை மேல நின்னுதான் சொல்வாரா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறார். இன்று பகல் முழுக்க மேகம், அதனால் எட்டு மணிக்கே எங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. அப்பா பொறுப்பில் இருக்கும் எங்கள் ஊர் சோலார் நிலையம் நூற்றுப் பதினான்கு வீடுகளுக்கும் ஒரு மாவு மில்லுக்கும் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் மின்சாரம் தருகிறது. பேட்டரி இறங்கினால் முதலில் அணைவது நிலையப் பொறுப்பாளர் வீடு, அதாவது எங்கள் வீடு. அப்பா அதற்கென்றே ஒரு தனி சுவிட்ச் வைத்திருக்கிறார். அதைத் தட்டிவிட்டு வந்தால்தான் மற்றவர்களிடம் "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வருமாம். பதினெட்டு வருடமாக இங்கே மின்சாரத்துக்காக ஒரு சண்டைகூட வந்ததில்லை. இதை அவர் விண்ணப்பத்தில் எழுதவில்லை. இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று கேட்டார். அதனால் நான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவின் விண்ணப்பத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியது நான்.

உங்கள் அறிவிப்பு நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. 'ஊர் மக்களை ஒருங்கிணைத்து நிலையங்களை நிர்வகித்த நீண்ட அனுபவம்' என்ற வரியை அப்பா விரலை வைத்துப் படித்தார். "இது நான் செய்யறதுதானே?" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "ஆலோசகர் வீட்டுக் கொடிக்கயிறு அறுந்து ஒரு வாரம் ஆச்சு, அதுக்கு முதல்ல ஒரு ஆலோசனை சொல்லுங்க" என்றார். திட்டத்தின் வேன் ஓட்டுகிற டிரைவர் மாமாவும் விடவில்லை. "பேட்டரி அண்ணே, இதுவரைக்கும் வந்த மூணு ஆலோசகரும் உங்ககிட்ட கேட்டுத்தான் எழுதிட்டுப் போனாங்க. நடுவுல எதுக்கு ஒரு ஆளு? நீங்களே எழுதிடுங்க" என்றார். கேலியாக ஆரம்பித்தது, இரண்டு நாளில் நிஜமாகிவிட்டது.

விண்ணப்பத்தைக் கணினியில்தான் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பாவுக்குக் கணினி தெரியாது. கடைசி நாள் மாலை எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன். பாதியில் மாவு மில்லிலிருந்து கூப்பிட்டார்கள், மோட்டார் நின்றுவிட்டதாம். "மிச்சத்தை நீயே முடிச்சு அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மிச்சம் இருந்தது மூன்று பெட்டிகள். முதல் பெட்டி கல்வித் தகுதி. அழுத்தினால் ஒரு பட்டியல் திறந்தது. இளங்கலை, முதுகலை, முனைவர், அவ்வளவுதான். அப்பா படித்தது பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டு வருடத் தொழிற்பயிற்சியும். அது பட்டியலில் இல்லை. காலியாக விட்டால் சிவப்பு எழுத்து வந்தது, அனுப்ப முடியவில்லை. ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆசிரியை பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் முதுகலையைத் தொட்டேன். உடனே இரண்டாவது பெட்டி வந்தது, எந்தப் பாடம் என்று. மேலாண்மை என்று அடித்தேன். மூன்றாவது பெட்டியில் பல்கலைக்கழகங்களின் பட்டியல். முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். முதல் பெட்டியை அவசரத்தில் நிரப்பினேன். மற்ற இரண்டையும் நிரப்பும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. யாரும் கூப்பிடப் போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். அப்பா ஈரக்கையோடு இறங்கி வந்து, பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம், "படிப்பு கிடிப்புன்னு எதுவும் பார்க்கல பாரு. அனுபவத்தைப் பார்த்திருக்காங்க" என்றார். நான் உள்ளே போய்த் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவரிடமே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனேன். முதல் முறை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை மில்காரர் தன் ஷூவைக் கொண்டுவந்து அப்பாவின் காலுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை அப்பாவே என்னைக் கூப்பிட்டு, நேர்முகத் தேர்வில் கேட்பதுபோல் கேள்வி கேட்கச் சொன்னார். நான் "உங்களுடைய பலவீனம் என்ன?" என்று கேட்டேன். "எனக்கு யாரையும் திட்ட வராது" என்றார். "என்னைத் தவிர" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் உங்கள் முன்னால் வந்து உட்காருவார். அசல் சான்றிதழ்கள் கொண்டுவரும்படி எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் தொழிற்பயிற்சிச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அவ்வளவு போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மேடம், அவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று பெட்டிகளைப் பற்றி எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்காதீர்கள். அவரைவிட அனுபவம் உள்ளவர் கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் நம்பிவிடுவார்.

நாளை விடியற்காலையில் வேன் தலைமை அலுவலகத்துக்கு வருகிறது. டிரைவர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பெயர் தெரியாததால் உறையில் 'தேர்வுக் குழு மேடம்' என்று எழுதியிருக்கிறேன். என் பெயரையும் ஊரையும் எழுத பயமாக இருக்கிறது. அப்பாவின் பெயரை எழுத அதைவிட பயமாக இருக்கிறது. கூரை மேல் இருந்தவர் என்றால் உங்களுக்குப் புரியும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொலைபேசியை எடுத்த பெண்


ஞாயிற்றுக்கிழமை இரவு

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். முன்பு எழுதிய அதே பெண்தான். மூன்று வாரம் ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அப்பா திரும்பி வந்தார். ஷூவைத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, மில்காரருக்குக் கொடுத்தனுப்பினார். "ரொம்ப மரியாதையா பேசினாங்க. என்னைவிடப் பெரிய அனுபவசாலி ஒருத்தர் கிடைச்சிருக்கார். நல்லதுதானே" என்றார். எனக்கு ஒரு ஜியோமெட்ரி பெட்டி வாங்கி வந்திருந்தார். நான் கேட்ட சொற்களையே அப்பா சொன்னதும், நீங்கள் என் கடிதத்தைப் படித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்காகக் கைகூப்பிக் கும்பிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒரு தாளோடு வந்தார். அப்பா அதில் கையெழுத்துப் போட்டு, பேட்டரி அறைச் சாவியைக் கொடுத்தார். வேறு நிலையத்து ஆள் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வந்து, "லீவு குடுத்திருக்காங்க. பதினெட்டு வருஷமா லீவே எடுக்கலையேன்னு அவங்களுக்கே பாவமா இருக்கு போல" என்றார். அம்மா நம்பவில்லை. அப்பா வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுந்துகொள்கிறார். போக இடமில்லாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். "லீவுதானே, படுங்களேன்" என்று அம்மா சொன்னால் படுத்துக்கொள்கிறார். கண்ணை மூடுவதில்லை.

நான் டிரைவர் மாமாவைப் பிடித்து நச்சரித்தேன். உங்கள் அலுவலகத்து உதவியாளர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நீங்களும் அந்த அறையில் இருந்திருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கே தெரியும். விண்ணப்பத்தை அப்பாவிடம் காட்டி, பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்டீர்களாம். அப்பா அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாராம். பிறகு, "நான்தான் போட்டேன். வேலை மேல இருந்த ஆசையில போட்டுட்டேன்" என்றாராம். "யாராவது நிரப்பிக் கொடுத்தாங்களா?" என்று நீங்களேகூடக் கேட்டீர்களாம். இல்லை, நானேதான் என்று சொல்லியிருக்கிறார்.

என் கடிதம் எங்கே போனது என்று மாமாவிடம் கேட்டேன். "ஆபீஸ் வாசல் கேட்டுல ஒரு தபால் பெட்டி தொங்குது பாப்பா, அதுல போட்டேன். அதை வெள்ளிக்கிழமைதான் திறப்பாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார். பெயர் இல்லாத கடிதம் என்றால் பிரித்ததுமே ஓரமாகப் போட்டுவிடுவார்களாம், மேலே யாருக்கும் அனுப்ப மாட்டார்களாம். மேடம், பெயர் எழுத பயந்தேனே, அந்த பயத்துக்கு அப்பாவின் பதினெட்டு வருடம் போகப்போகிறது. வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று மாமா சொன்னார்.

இங்கே நிலைமை சரியில்லை. புதிதாக வந்தவர் நல்லவர்தான். ஆனால் மேகம் போட்ட அன்று பட்டறை வரிசையை முதலில் அணைத்துவிட்டார். வெல்டிங்காரரும் மில்காரரும் நடுத்தெருவில் நின்று கத்தினார்கள். "உன் மாவு அவசரமா, என் கதவு அவசரமா?" என்று சண்டை போட்டது எங்கள் வீடுவரை கேட்டது. அப்பா எழுந்து வாசல்வரை போனார். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று காலை அப்பா என்னிடம், "எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கறியா? சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்" என்றார். சனிக்கிழமை கணினி அறை திறந்திருக்கும். கூட்டிப்போனேன். சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பேட்டரி முனை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தையும் மெல்லத் தொட்டார். தன் பெயரை அடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு என் பக்கம் பார்க்காமல், "இந்த லிஸ்ட் மாதிரி ஒண்ணு தொறக்கும்ல, அதுல ஒண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கறது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விசாரணையில் அவரையே நிரப்பிக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்வதற்காக என்னிடமே பாடம் கேட்கிறார். அவர் பழியை ஏற்றுக்கொண்டது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தேன் மேடம். இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்திவிட்டேன். "ஏம்மா, பசிக்குதா?" என்றார்.

அந்த மூன்று பெட்டிகளையும் நிரப்பியது நான்தான். அனுப்பும்போது அப்பாவுக்கு அது தெரியாது. இதைத் தனித்தாளில் என் பெயர், வகுப்பு, வரிசை எண், தேதியோடு எழுதியிருக்கிறேன். அன்று அப்பா போன பிறகு கணினி அறையில் நான் மட்டும்தான் இருந்தேன் என்று ஆசிரியையும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். பள்ளிக்குத் தெரிவித்தாலும் சரி.

இதை டிரைவர் மாமாவிடம் கொடுக்கப் போவதில்லை. பெட்டியிலும் போடப் போவதில்லை. காலையில் உறையை ஒட்டாமல் அப்பாவின் கையில் கொடுத்து, தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். அவர் படிப்பார். கோபப்படுவாரா, அழுவாரா, கிழித்துவிடுவாரா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் இன்னொரு காரியம் செய்ய என்னால் முடியாது.

உங்கள் கைக்கு இது வந்தால், தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்க அப்பா சம்மதித்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களிடம் வராமல் போனாலும் பரவாயில்லை, அப்பா படித்திருப்பார்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
நிலையப் பொறுப்பாளரின் மகள்
(பெயர் இணைப்புத் தாளில் உள்ளது)