நான் இரண்டு போட்ட கட்டுரை

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு ஆராய்ச்சி நல்லதா இல்லையான்னு நீங்க எல்லாம் எப்படிம்மா முடிவு பண்றீங்க என்று போன வாரம் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வேதியியலிலேயே முடி நரைத்தவள் இப்படிச் சொல்வது அழகில்லைதான். இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் இருமலும் போயிருக்கும் என்று நம்புகிறேன். அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பிளம்பர் என்ற சொல்லை எடுத்தாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்.

நான் இந்த மாதம் முழுக்க மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். நாட்டிலுள்ள வேதியியல் துறைகள் எல்லாம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை தங்கள் சிறந்த கட்டுரைகளை அனுப்ப, பதினைந்து பேர் படிக்கிறோம். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியே படித்து ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் போடுவோம், இரண்டும் ஒத்துப்போனால் கோப்பு மூடப்படும். எந்த இதழில் வந்தது என்று பார்க்கக் கூடாது என்பது விதி, எல்லாரும் ஓரக்கண்ணால் பார்க்கிறோம். முதல் நாளே ஒரு படிவம் கொடுத்து, அனுப்பியவர்களில் உறவினர், மாணவர், கூட வேலை பார்த்தவர் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த வேதிப்பொருளை நம்பி மூன்று வருடம் வேலை செய்தாய் என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

நாலே பேர் இருக்கிற ஒரு சின்னத் துறை மூன்று கட்டுரைதான் அனுப்பியிருந்தது. இந்தத் தடவை சராசரி இறங்கினால் ஆராய்ச்சியை மூடிவிட்டுப் பாடம் மட்டும் நடத்தச் சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு கட்டுரை, உலோகமே இல்லாமல் வேலை செய்கிறது என்று எல்லாரும் கொண்டாடிய வினையூக்கியில் துளியளவு தாமிரம் கலந்திருக்கிறது, வினையை நடத்துவது அந்தத் தாமிரம்தான் என்று சொல்கிறது. புதிதாக ஒன்றுமில்லை என்று பத்து நிமிடத்தில் இரண்டு போட்டேன். என்னோடு சேர்ந்து படிக்கும் இளைஞரும் இரண்டு. கோப்பு மூடிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பத்து நிமிடம் உறுத்தியது, மற்றவற்றுக்கு நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எடுத்ததில்லை. அந்த வினையூக்கியை வைத்துத்தான் என் இரண்டு மாணவிகள் பட்டம் வாங்கினார்கள். சனிக்கிழமை ஆய்வகத்துக்குப் போய் அலமாரியின் பின்வரிசையில் இருந்த பழைய பாட்டிலை எடுத்துச் சோதித்தேன். தாமிரம் இருக்கிறது.

அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். விடுங்க மேடம், மூடின கோப்பைத் தோண்டினா மண்ணு நம்ம தலையிலதான் விழும் என்றார். நாளை கடைசிக் கூட்டம். திறக்க வேண்டுமானால் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், எங்கள் தலைவி ஒரு சிரிப்புக்குக்கூடக் காரணம் கேட்கிற ரகம். சொல்லத்தான் போகிறேன். பிறகு என் கட்டுரைகளைத் திருத்தச் சொல்லி இதழ்களுக்கு எழுத வேண்டும், அந்தப் பெண்கள் இருவருக்கும் வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று அப்பாவைக் கேட்டேன். குழாயைப் பத்தி நீ எங்கிட்ட சொல்ற மாதிரியே சொல்லு என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பல் மருத்துவரைத் தள்ளிப்போடாதே. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நன்றாக இரு.

அன்புடன்,
அம்மா

புதன் மாலை. உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். சொன்னேன். தலைவி என் மதிப்பெண்ணை அடித்துவிட்டு, அந்தக் கட்டுரையை வேறு இருவர் படித்து எல்லாரும் பேசி முடிக்கும்வரை வெளியே இருங்கள் என்றார். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் அந்த இளைஞர் வந்தார், எங்கிட்டயும் ஒரு பாட்டில் இருக்கு மேடம் என்றார். பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் மூவர். தலைவி கதவைத் திறந்து, காபி நல்லா இருக்கா, இன்னும் யாராச்சும் வரணுமா என்று கேட்டுவிட்டுச் சாத்தினார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள், மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, அடுத்த கோப்புக்குப் போனார்கள். காலையில் கூட்ட அறைப் பலகையில் நான்கு மதிப்பெண் வாங்கியவை பதினொன்று என்று எழுதியிருந்தது. நான் அறையில் இருந்த நேரத்தில் எதற்கும் நான்கு விழவில்லை. மாலையில் கிளம்பும்போது பன்னிரண்டு என்று இருந்தது.