அம்மா பூசவிடாத சுவர்

டிக்கோயா
ஐப்பசி 19

அன்பு மகள் நிலக்ஷிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தச் சைப்ரஸ் ஊரில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதற்குப் பின்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல முடியாது, நான் போனைக் கையில் எடுத்ததுமே அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போகிற சாக்கில் இதைத் தபாலில் போடுகிறேன். மழை விட்டபாடில்லை. பக்கத்து வீட்டுச் சுதர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னைப் போலவே, அழுதால் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே எழும்பி நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வீட்டைப் பார்த்துவிட்டு, என்னப்பா இது வீடா சர்க்கஸ் கூடாரமா என்று சிரித்தாயே. கதவு கருநீலம், நிலை சிவப்பு, சுவர்களில் இடுப்பளவுக்குப் பச்சை, படி விளிம்பில் மஞ்சள் கோடு, ஸ்விட்சைச் சுற்றிக் கறுப்பு டேப். அப்பாவுக்கு ரசனை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்து ஆடி மாதம் க்ரீம் பூசியவனும் நான்தானே. சுவர், கதவு, நிலை, மேசை, திரைச்சீலை எல்லாம் ஒரே க்ரீம், மிச்சம் இருந்ததை வாசல் படிக்கும் பூசினேன். வீடு பெரிதாகத் தெரியும் என்று சொன்னாய், தெரிந்தது. லயத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அம்மா கதவைத் தேடிச் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். வெள்ளைத் தட்டில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். கப்புக்குப் பக்கத்தில் மேசையிலேயே தேத்தண்ணீரை ஊற்றினாள். நான் திட்டினேன், நிலக்ஷி. கவனம் எங்கே இருக்கிறது என்று திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருநாள் படியில் தவறி விழுந்து, முழங்கால் உரிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "படி எது தரை எதுன்னு தெரியலைங்க, எல்லாம் ஒண்ணாக் கெடக்குது. ரெண்டு வருசமாவே பார்வை இப்படித்தான். முந்தி கதவு பச்சையா இருந்துச்சு, அடுப்படி கரியா இருந்துச்சு, அத வச்சே சமாளிச்சிக்கிட்டேன்" என்றாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறதாம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்து, பிள்ளைக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ முடியை வெட்டிக்கொண்டு வீடியோவில் வந்த அன்று, அம்மா அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய் அல்லவா. அவளுக்குத் தெரியவில்லை பிள்ளை. அந்தச் சின்னப் போனில் உன் முகம் அவளுக்குத் தெரிவதே இல்லை. குரல் கேட்டதும் "மெலிஞ்சிட்டியேம்மா" என்பாள், வாராவாரம் அதையேதான் சொல்கிறாள்.

ஹட்டனில் பெயின்ட் கடை வைத்திருக்கிற நஸாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய மாமியாருக்கும் இதே கதைதானாம். "வெளிச்ச நெறத்துக்குப் பக்கத்துல இருட்டு நெறத்த வைங்கண்ணே, கண்ணு தானாப் பிடிச்சிக்கும்" என்று அவரே டின்களை எடுத்துத் தந்தார். இப்போது சோற்றுக்குக் கறுப்புத் தட்டு, பால் ஊற்றாத ப்ளேன்டீக்கு வெள்ளைக் கப். அம்மா விழுவதில்லை, சட்டென்று கதவைப் பிடித்துவிடுகிறாள், பழையபடி என்னை அதட்டவும் தொடங்கிவிட்டாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பரவாயில்லை. இது பரம்பரையாகவும் வருமாம், நீயும் அங்கே ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள், அசட்டையாக இருக்காதே.

வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர் மட்டும் இன்னும் முழுக்க க்ரீமாகவே இருப்பதைக் கவனித்தாயா. பெயின்ட் போதாமல் விட்டதல்ல. பச்சை பூசப் போனேன், அம்மா பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள். "இதுல ஒண்ணும் பூசாதீங்க, ஆணிகூட அடிக்காதீங்க. அவ வந்தா இங்கதான் நிக்க வச்சுப் பாக்கணும்" என்றாள். பிரஷைக் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுத் லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போய் நின்று அழுதேன். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. சித்திரைக்கு வருகிறேன் என்றாய், அதைத் தைப்பொங்கலுக்கு மாற்ற முடியுமா என்று உன் முதலாளி அம்மாவிடம் கேட்டுப் பார். சுவர் சித்திரை வரைக்கும் அப்படியே இருக்கும், அவள் கண்ணைப் பற்றித்தான் எனக்கு நிச்சயமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நான் எழுதியதை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, நீயாகவே ஆசைப்பட்டு வருகிற மாதிரி வா. மாரியம்மா உன் கூடவே இருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளையோ க்ரீமோ உடுத்திக்கொண்டு வந்து நின்றுவிடாதே. போகும்போது கொண்டுபோனாயே, அந்தக் கருஞ்சிவப்புச் சேலை, அதைக் கட்டிக்கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா முத்துலிங்கம்