ஆளில்லாத அறை

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கும் சேர்த்து வணக்கம்.

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

காற்றில் என் வீட்டுக் கூரை ஓடு பறந்ததற்கு இன்சூரன்ஸ்காரர்கள் பாதிதான் தந்தார்கள் என்று கொதிக்காதீர்கள். ஓடு பழசு என்பதால் தேய்மானம் கழித்திருக்கிறார்கள். பழுது பார்த்து ரசீது காட்டினால் மீதியும் வரும்.

நான் நனையவில்லை. ஒழுகியது உங்களுக்கும் அம்மாவுக்கும் என்று நான் ஒதுக்கிய அறையில்தான். சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர், “இது ஆளில்லாத ரூம்தானேங்க?” என்று அப்படியே எழுதப் போனார்.

“எங்கப்பா அம்மா ரூமுங்க. அப்படித்தான் எழுதணும்!” என்று சண்டை பிடித்தேன். எழுதினார்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. கூரை வேலை முடிந்ததும் அந்த சர்வேயர் மறுபடி பார்க்க வருவார். அதற்குள் உங்கள் பழைய செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள், கட்டிலடியில் போட்டு வைக்கிறேன்.

உங்கள் சின்னக்குட்டி