இங்கே மட்டும் ஓடும் சிடி

ஜூன் 11, 2025, புதன்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. ஜூன் பிறந்தால் ஆர்.எஸ்.புரத்தில் இதே கதைதான்.

இவர் நடு அறையில் உட்கார்ந்து பழைய நாதஸ்வரக் கேசட் ஒன்றைச் சிடிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அந்த ரெக்கார்டரை வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஊரே போனில் பாட்டுக் கேட்கிறது. இவருக்கு இன்னும் அந்தக் கறுப்புப் பெட்டிதான். கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்திலேயே பாதி ஆயுசு போய்விட்டது, வீட்டிலாவது காதுக்கு நல்லது வேண்டும் என்பார். அந்தப் பெட்டிக்கு வெற்று சிடிகூட பாட்டுக்கென்று தனியாக வரும் ரகமாக இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் சிடியைப் போட்டால் வெளியே தள்ளிவிடும்.

"என்னையாட்டவே வீம்பு புடிச்சது" என்றார். சிரிக்கப் பார்த்தார். பாதியில் குரல் நின்றுபோனது.

மூன்று மாதமாக இந்தக் கரகரப்பு. சதை எடுத்துப் பரிசோதித்த முடிவு சனிக்கிழமை வரும்.

ஜூன் 14, சனி

புற்றுநோய். குரல்வளையில்.

டாக்டர் ரம்ஷா சின்னப் பெண்தான், ஆனால் நிதானமாகச் சொன்னார். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டுமாம். பிறகு கழுத்தில் ஒரு துளை, அது வழியாகத்தான் மூச்சு. இப்போதே செய்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை.

"பேச்சுங்க?" என்று கேட்டார் இவர்.

"இந்தக் குரல் இருக்காதுங்க ஐயா. கொஞ்ச நாள் போனா, ஒரு கருவிய கழுத்துல வெச்சுப் பேசப் பழகலாம்."

ஜூலை மூன்றாம் தேதி ஆபரேஷன். வீடு வரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இருக்கிற நாளிலாவது பேசக்கூடாதா இந்த மனுஷர்?

ஜூன் 15

சமைத்தேன். சாப்பிட்டோம். வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று கேட்டேவிட்டேன். "சண்முகப்பிரியாவுக்கு ஒரு போன் போடுங்க. நானே போட்டுத் தாரேன்."

"போட்டு?"

"உங்க குரல்ல நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் நெனைச்சாலும் ஆகாது."

எழுந்து போய்விட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். தாராபுரத்தில் கொடுத்தோம். நாலு வருஷம் முன்னால் ஒரு நாள், குழந்தை எழிலைத் தோளில் போட்டுக்கொண்டு, இனி நிதீஷோடு வாழமாட்டேன் என்று வந்து நின்றாள். கன்னத்தில் வீக்கம். இவர் உள்ளே கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. சம்பந்திக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிப்போங்க" என்றார். சம்பந்தி கார் வருவதற்குள் அவள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே வேலை, வாடகை வீடு, பிறகு விவாகரத்து. எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேச்சில்லை. என்னிடம் மட்டும் பேசுவாள், அவர் தறிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் இவர் நடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேச்சுச் சத்தம். ரேடியோ என்று நினைத்தேன். கதவுப் பக்கம் போய் நின்றால், இவர் குரல்! ஒற்றை ஆளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"அம்மணிக்குத்தான்" என்றார் மகளைச் சொல்லி, என்னைப் பார்க்காமல். "சிடில பேசி அனுப்பறேன். போனுன்னா அவ குறுக்க பேசுவா, எனக்குக் கோவம் வரும். இதுன்னா முழுசாச் சொல்லிப்போடலாம்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. சந்தோஷம்தான். கேசரி கிண்டினேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிரியாவிடம் சொன்னேன். நோயைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன்.

"சிடியாங்கம்மா? இப்ப யாருங்க ஊட்ல சிடி பிளேயர் வெச்சிருக்காங்க?"

"எங்கியாவது கெடைக்காதா கண்ணு."

"போன் பண்ண முடியாதாங்களா அவரால?"

அவர் சொன்ன காரணத்தையே சொன்னேன். "குறுக்க பேசுவேன்னு சொன்னாருங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். யாருக்கோ ஆபரேஷன் தள்ளிப்போனதால் நாளைக்கே இடம் இருக்கிறதாம், சாயங்காலத்துக்குள் வந்து சேரச் சொன்னார்கள். நடு அறைக் கதவைத் தட்டி இவரிடம் சொன்னேன். துணிமணி, மருந்து, ஃபைல் என்று ஒரே ஓட்டம்.

இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிரியாவுக்குப் போன் போட்டு இவர் காதருகே கொண்டுபோனேன். கையால் தள்ளிவிட்டார்.

"டிஸ்க்ல சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூன் 28

நேற்று முடிந்தது. நன்றாக நடந்ததாம். கழுத்தில் குழாய். கண் விழித்ததும் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது மாதிரி ஒரு பார்வை.

கடைசியாக அவர் வாயால் நான் கேட்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். "செருப்ப எங்க வெச்செ?"

ஜூலை 1, செவ்வாய்

குளிக்க வீட்டுக்குப் போனேன். மெஷினுக்குள் அந்த சிடி அப்படியே இருந்தது. எடுத்து, உறையில் போட்டு, பஞ்சு சுற்றி, சென்னைக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். அவர் செய்யவேண்டிய ஒரு காரியத்தையாவது நான் செய்தேன் என்று மனசுக்கு இதமாக இருந்தது.

ஜூலை 2

அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் இவர் சிலேட்டை வாங்கி எழுதினார்: "முடிக்கல."

"பரவாயில்லைங்க, பேசுன வரைக்கும் போதும்" என்றேன்.

தலையை ஆட்டினார். மறுபடி அதையே, பெரிதாக, "முடிக்கல" என்று எழுதினார். அதற்குள் நர்ஸ் குழாயைச் சுத்தம் செய்ய வந்துவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பத்து மணிக்குப் பிரியாவின் போன். எடுத்ததுமே படபடவென்று பேசினாள்.

"அம்மா, அந்த சிடில ஒண்ணுமே இல்லைங்க. கீழ் ஊட்டு பூஜிதா கார்ல பழைய பிளேயர் இருக்குதுன்னு போட்டுப் பாத்தேன், டிஸ்க் இல்லைங்குது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெத்து சிடின்னு வருது. வெத்து சிடிய அனுப்பியிருக்காருங்களா எனக்கு? அதைத்தான் சொல்ல வர்றாருங்களா, எங்கிட்டப் பேச ஒண்ணுமில்லைன்னு?"

"இல்ல கண்ணு, நான் காதால கேட்டேன், அவரு பேசுனாரு..."

"போனை அவருகிட்டக் குடுங்க."

நாலு வருஷத்தில் முதல்தடவை. கொடுத்தேன். இவர் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா? எதுக்குங்க இப்படிப் பண்றீங்க? பேசுங்கப்பா. எதாவது பேசுங்க!"

ஆத்திரத்தில் மறந்துவிட்டாள். இவர் உதடு அசைகிறது, அசைகிறது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வருகிறது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திடீரென்று அமைதியாகிவிட்டாள். பிறகு தேம்பும் சத்தம். இவரும் போனை விடவில்லை, அவளும் வைக்கவில்லை. நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 8

இவர் போனில் அவளுக்கு எழுதி அனுப்பினார். நானும் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பேசி முடித்தபின் மெஷினில் கடைசியாக ஒரு வேலை செய்யவேண்டுமாம். அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. அதைச் செய்தால்தான் சிடி வேறு இடத்தில் ஓடும். செய்யாவிட்டால் இந்த ஒரு மெஷினில் மட்டும்தான். செய்துவிட்டால் அதற்குமேல் எதுவும் சேர்க்க முடியாது. இன்னும் பேச இருந்தது என்று இவர் அதைச் செய்யாமல் வைத்திருந்திருக்கிறார்.

முடிக்கல, முடிக்கல என்று தலைப்பாடாக எழுதிக் காட்டினாரே. நான் ஒரு மக்கு.

கடைசி வரியில், "திருப்பி அனுப்பு. சரிசெய்து அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தார். அவளிடமிருந்து ஒரு வரிப் பதில்: "நானே எடுத்துட்டு வாரேன்."

ஜூலை 19, சனி

வந்தாள். எழிலும் வந்தது. என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. இவர் வாசலிலேயே நின்றிருந்தார், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு. பிரியா பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கேட்டிலேயே நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்து, "உக்காருங்கப்பா, எதுக்கு நிக்கறீங்க" என்றாள்.

சாப்பிட்டபின் எழிலைத் தூங்க வைத்துவிட்டு மூன்று பேரும் நடு அறையில் உட்கார்ந்தோம். இவரே சிடியைப் போட்டார்.

இவர் குரல் அறை முழுக்க வந்தது. கரகரப்போடு, ஆனால் இவர் குரல். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் பாதி முழுக்கக் கணக்குப்பிள்ளையிடம் சொல்வது மாதிரி. தறிகளை யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார், பத்திரம் எந்த பீரோவில், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எது. பிரியா தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம்:

"அம்மணி. அன்னிக்கு நீ வந்து நின்னியே. குழந்தை தூங்கீட்டு இருந்துச்சு உந்தோள்ல. உங்கன்னத்த நான் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துபோட்டேன். தாராபுரத்துக்குப் போன் பண்ணுனேன். அது..."

டக் டக்கென்று கதவு தட்டும் சத்தம். "ஏனுங்க! ஆஸ்பத்திரியில இருந்து போனுங்க, நாளைக்கேவாமா! சீக்கிரம் வாங்க!"

என் குரல். அதோடு நின்றுவிட்டது.

அன்று ஆஸ்பத்திரிக்காரர்களைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லியிருந்தால்? ஒரு நிமிஷம்! ஒரு நிமிஷம் கழித்துத் தட்டியிருக்கக் கூடாதா நான்? என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

பிரியாதான் கேட்டாள். "அதுன்னா? என்ன சொல்ல வந்தீங்கப்பா?"

இவர் சிலேட்டை எடுத்தார். பலப்பத்தைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "தப்பு" என்று எழுதிக் காட்டினார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் இதைத்தான் சொல்ல இருந்தீங்களா? இல்ல, இத்தனையும் ஆனதுக்கப்பறம் எழுதறீங்களா?"

இவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்கே புரியவில்லை. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்கால ரயில். கிளம்பும் முன் இவர் சிடியை மெஷினில் போட்டு அந்த முடிக்கிற பட்டன் மேல் விரலை வைத்தார். அழுத்தாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுத்திட்டா இனி எதும் சேக்க முடியாதுதானுங்க?" என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தார்.

"சேக்கறதுக்கு என்னங்கப்பா இருக்குது."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் அழுத்தினார். சில நிமிஷம் ஓடி நின்றது. துணியால் துடைத்து, உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். அந்த "அது" அங்கேயே நிற்கும் இனி, எத்தனை தடவை போட்டாலும். அதற்குப் பின்னால் என் சத்தமும்.

ஆட்டோவில் ஏறினபின் எழில் மட்டும் கை காட்டிக்கொண்டே போனது.

ஆகஸ்ட் 23, சனி

பேசும் கருவி வந்துவிட்டது. சின்ன டார்ச் லைட் அளவு. கழுத்தோரம் வைத்து அழுத்தி வாயசைத்தால் ஒரே சுதியில் ர்ர்ரென்று பேச்சு வருகிறது. கற்றுக்கொடுக்க வருகிற பிரீத்திகா, "நல்லா வருதுங்க ஐயா" என்கிறாள். இவருக்கு வெட்கம். ஆள் வந்தால் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்கிறார். என்னிடம்கூடச் சிலேட்டில்தான் எழுதுகிறார்.

பிரியா அங்கே போனதிலிருந்து என்னோடு மட்டும் பேசுகிறாள். "அப்பா எப்படி இருக்காருங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அது வரைக்கும்தான்.

செப்டம்பர் 6

சிடியைக் கேட்டாயா என்று பிரியாவிடம் கேட்டேன். "இன்னும் இல்லைங்கம்மா. கேக்கோணும்" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேடையில் இருந்த என் போனை இவர் வந்து எடுத்தார். ஏதாவது பார்க்கத்தான் என்று நினைத்தேன். பிரியாவின் பேரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அவள்.

இவர் கருவியைக் கழுத்தில் வைத்தார். "அம்மணி" என்றார். தகரத்தில் உரசுகிற மாதிரி இருந்தது.

"யாருங்க பேசறது? அம்மா எங்கே? இது எங்கம்மா போனுங்க!" அவள் பயந்துவிட்டாள்.

நான் ஈரக்கையோடு போனை எடுக்கப் போனேன். இவர் என்னைத் தடுத்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கருவியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி அழுத்தினார்.

"அப்பா."

குக்கர் விசில் ஒன்று கேட்டது, அவள் வீட்டில். வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

இவர் இன்னும் ஏதோ சொன்னார், நீளமாக. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் பிடிபட்டது.

"புரியலைங்கப்பா" என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க. மெதுவா. நான் குறுக்க பேசலை."

இவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.