பதினைந்து கிலோ வரை

2023 ஜனவரி 9

ஏஞ்சலினுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் போக வேண்டும். சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பாப்பாவ உங்ககிட்டயே வுட்டுட்டுப் போறேம்ப்பா."

என் வீட்டுக்காரி கிரேஸ் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பாப்பா ஜூலியாவுக்கு ஒன்பது மாதம். தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம்.

"இட்டுக்கினு போம்மா" என்றேன்.

"தனியாளா எப்படிப்பா? பம்பாயில எறங்கி வேற பிளேன் மாறணும். தோள்ல பை, கையில பேப்பருங்க. பாப்பாவ எந்தக் கையில தூக்குவேன்?"

ஜனவரி 10

கை போதாது என்பதுதான் காரணமா? அதற்கு வழி இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் நாற்பது வருடம் லாரிக்கு மூட்டை ஏற்றியவன் நான்.

ஜனவரி 13

ஏஞ்சலின் போனில் குழந்தை வண்டிகளைக் காட்டினாள். மடித்தால் பை மாதிரி ஆகிவிடுமாம், பிளேனில் தலைக்கு மேல் இருக்கிற தட்டில் வைத்துக்கொள்ளலாமாம். பெரியதாக இருந்தால் பிடுங்கிக் கீழே சரக்கோடு போட்டுவிடுவார்கள், இறங்கும் இடத்தில் எப்போது வரும் என்று தெரியாது. தட்டின் அளவை அவள் படிக்க, நான் சணல் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டேன். நீளம், அகலம், உயரம்.

பாப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். எட்டு கிலோ. கிரேஸ் நம்பாமல் ரேஷன் கடைத் தராசில் வைத்தாள். எட்டேதான்.

ஜனவரி 18

எட்டு கிலோ அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெங்கடேசன் பையைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, அரிசிய ஒக்கார வெச்சித் தள்றதுக்கா வண்டி?" என்றார்.

இடது கையில் அரிசி, வலது கையால் மட்டும் மடிக்க வேண்டும். இதுதான் சோதனை. முதல் வண்டிக்குப் பெரிய சக்கரம், நம் தெருவுக்கு நல்லது. ஆனால் மடிக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டும். இரண்டாவது குடை மாதிரி மடிந்தது. முதுகு சாயவில்லை, தூங்கினால் பிள்ளை கழுத்து தொங்கிவிடும். மூன்றாவது சாய்ந்தது, ஒரு கைக்கு மடிந்தது, தோளில் மாட்ட வார் இருந்தது. கயிற்றை வைத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் முடிச்சுக்கு உள்ளே.

"பதினஞ்சு கிலோ வரைக்கும் தாங்கும். மூணு, மூணரை வயசு வரைக்கும் ஓட்டலாம்" என்றார்.

ஜனவரி 19

மடித்துக் காட்டினேன், விரித்துக் காட்டினேன். ஏஞ்சலின் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய வுட்டுட்டுப் போனப்ப இந்த மாரி வண்டிலாம் இல்லியாப்பா?"

கேலியாகத்தான் கேட்டாள். கிரேஸ் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

ஜனவரி 20

எழுதிவிடுகிறேன். அறிவொளி வகுப்பில் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், அதுவும் பாதிதான். ஞாபகம் மட்டும் முழுதாக இருக்கிறது.

1994இல் ஏஞ்சலினுக்குப் பத்து மாதம். கிரேஸின் அக்கா வீட்டில், வெள்ளிமலையில் விட்டுவிட்டு நாங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். ஆறு மாதம் என்று சொல்லிப் போனது. திரும்பியபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பச்சைக் கவுன், மேல் பொத்தான் இல்லை. கையில் கடித்த மரவள்ளிக்கிழங்கு. கிரேஸ் கையை நீட்டினாள். பிள்ளை பெரியம்மா சேலைக்குப் பின்னால் போய், "யாரும்மா இவுங்க?" என்று கேட்டது. அம்மா என்றது பெரியம்மாவை. கீழே இறங்கும் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வரை அழுகை. வாந்தி வேறு.

அதற்குத்தான் இந்த வண்டி. அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

ஜனவரி 29

ஞாயிறு. பாப்பாவை வண்டியில் வைத்து மாதா கோவிலுக்குப் போனோம். ஏஞ்சலினே தள்ளினாள். பூசை முடிந்து வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மடித்தாள். முதல் தடவையே மடிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். டிக்கெட்டில் பாப்பா பேரையும் சேர்க்கச் சொல்லப்போகிறாளாம்.

பிப்ரவரி 11

மஸ்கட்டிலிருந்து போன். நர்ஸுகள் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. தனி வீடும் குடும்ப விசாவும் சம்பளம் உயர்ந்த பிறகுதான்.

வண்டி ஏணிக்குக் கீழே நிற்கிறது.

பிப்ரவரி 13

போகாதே என்று சொல்லலாமா? சொன்னால் நின்றுவிடுவாள். நின்றால் இங்கே என்ன இருக்கிறது அவளுக்கு? நாங்களும் அப்படி நினைத்துத்தானே பெங்களூருக்குப் போனோம்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 26

விடிந்ததும் கார் வந்தது. பாப்பா வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏஞ்சலின் குனிந்து சாய்மானத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

"இந்த வண்டி பத்தாம போறதுக்குள்ள வந்து இட்டுக்கினு போயிடுவேம்ப்பா."

"பதினஞ்சு கிலோ வரைக்கும் தாங்கும்" என்றேன்.

டிசம்பர் 25

பத்து கிலோ. பாப்பாவை வண்டியில் வைத்துக் கோவிலுக்குப் போனோம். போன் வரும்போதெல்லாம் ஏஞ்சலினின் முதல் கேள்வி, "எத்தினி கிலோப்பா?"

2024 ஜூன் 4

ஏஞ்சலின் இருபது நாள் லீவில் வந்தாள். வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஜூலியா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். அந்த முகத்தை நான் வெள்ளிமலையில் பார்த்திருக்கிறேன். அன்று எதிரில் நின்றவன் நான்.

ஏஞ்சலின் அழவில்லை. "நானும் இப்டித்தாம்ப்பா இருந்தனா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

ஜூன் 24

நேற்றுத்தான் பாப்பா அவளிடம் தூங்கினாள். இன்று கார்.

2025 பிப்ரவரி 16

பதின்மூன்று கிலோ. கிரேஸுக்கு முட்டி வலி, இடுப்பில் தூக்க முடிவதில்லை. எங்கே போனாலும் வண்டிதான். பின்சக்கரத்தில் எண்ணெய் விட்டேன்.

நவம்பர் 23

காலையில் ஜூலியாவைக் கிணற்றடியிலிருந்து தூக்கி வந்தேன். கை சொல்லிவிட்டது. ஆனாலும் கீழே இறக்கி, இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். பதினைந்துக்கு மேல் கால் கிலோ.

மாலையில் ஏஞ்சலின் கூப்பிட்டாள். விசாவுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகுமாம்.

"எத்தினி கிலோப்பா?"

"பதினாலு."

"இன்னும் டைம் இருக்குதுல்லப்பா?"

"இருக்குதும்மா."

நாற்பது வருடத்தில் ஒரு மூட்டைக்கும் எடை மாற்றிச் சொன்னதில்லை.

நாளையிலிருந்து வண்டியில் உட்கார வைக்கக் கூடாது. நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும்.